ஆசிரமத்து ஹேண்ட்மேட் பேப்பர்: ஏழு வருடம் வாங்கி, வெட்டி, அச்சடித்துப் பார்த்த பிறகு

அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் பார்த்தாள். துணிக்கடையில் காடாத் துணி எடுக்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அதே மாதிரி. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "பேப்பர்னு சொன்னே, இது துணிடி" என்றாள். திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு முன்னறையில் நாற்பது வருடமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவள். அவள் சொன்னது சரிதான். அது பருத்தித் துணியின் வெட்டுத் துண்டுகளை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்த தாள்.

புதுச்சேரி எஸ்.வி. பட்டேல் சாலையில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கையால் காகிதம் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. 1959-ல் தொடங்கியது. அங்கே விற்கும் காகிதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் நானும், டிடிபி பார்க்கும் ஒரு தம்பியும் சேர்ந்து சின்ன டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறோம். லோகோ, விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பொட்டல லேபிள், கவிதைப் புத்தக அட்டை என்று எது வந்தாலும் செய்வோம். ஏழு வருடமாக இந்தப் பேப்பர் எங்கள் இரும்பு பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. எங்களைப் போல ஒருவர், இருவராக வேலை செய்யும் டிசைனர்களுக்கு இது பயன்படட்டும் என்று, நல்லதையும் பார்த்து நடக்கவேண்டியதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் தடவை நான் பேப்பர் வாங்கப் போகவில்லை. ஒரு கிளையண்ட் லோகோவை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். மனசு சரியில்லை. கடலூரிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போய்ப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கால்போன போக்கில் நடந்தேன். அந்த ஊரில் நடந்தாலே கண்ணுக்கு வேலை கிடைக்கும். தெருமுனைகளில் நீல எனாமல் தகட்டில் வெள்ளை எழுத்தில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து நிற்கும் பெயர்ப்பலகைகளை நின்று பார்ப்பது என் வழக்கம். இரண்டு மொழிக்கும் ஒரே தகட்டில் இடம் ஒதுக்கவேண்டும் என்றால் எழுத்தின் உயரம், கோட்டின் தடிமன், ஓரத்தில் விடும் இடம் எல்லாவற்றையும் யோசித்தாக வேண்டும். இருமொழி லேபிள் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அப்படி வடக்கே நடந்து பட்டேல் சாலைக்கு வந்தபோதுதான் இந்த இடம் கண்ணில் பட்டது.

உள்ளே போய்த் தாள்களைத் தொட்ட பிறகு, என் வேலையை நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. அதுவரை டிசைனை முடித்து, பிடிஎஃப் போட்டு, பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது, கடைசி வரியில் "300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு" என்று எழுதுவேன். பூச்சுப் பூசிய வழவழப்பான கெட்டி அட்டை அது, ஜிஎஸ்எம் என்பது தாளின் எடைக் கணக்கு. பேப்பருக்கு நான் கொடுத்த யோசனை அவ்வளவுதான். இப்போது புது வேலை வந்தால் முதலில் பீரோவைத் திறக்கிறோம். தாளை மேஜையில் போட்டபிறகுதான் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறோம். இந்தப் பேப்பரால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

செய்முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். டிசைன் செய்பவருக்கு இது தெரிந்திருந்தால் பாதித் தவறுகள் நடக்காது. துணித் துண்டுகளைச் சின்னதாக நறுக்கி, தண்ணீரோடு பீட்டர் எனும் தொட்டியில் சுழலவிட்டு அடிப்பார்கள். ஹாலந்தில் 17-ம் நூற்றாண்டில் வந்த இயந்திரம், அதனால் ஹாலண்டர் பீட்டர் என்று பெயர். அதில் நூல் இழை இழையாகப் பிரிந்து கூழாகும். எவ்வளவு நேரம் அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தாளின் இறுக்கம் மாறும். கூழைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடைச் சட்டத்தில் ஏந்தி எடுத்தால், தண்ணீர் கீழே வடிந்து இழைகள் மேலே ஒன்றோடொன்று பின்னிப் படியும். அந்த ஈரப் படலத்தைத் துணி மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தித் தண்ணீரைப் பிழிந்து, காயவைப்பார்கள். மை ஊறிப் பரவாமல் இருக்க அதற்கு ஒரு பசை கொடுக்கவேண்டும். சைஸிங் என்பார்கள். கடைசியில் தகடுகளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் வழவழப்பு வரும்.

சட்டத்தில் கூழ் ஓரத்துக்குப் போகப்போக மெலிந்து படிவதால்தான் தாளின் நாலு ஓரமும் பிசிறு பிசிறாக இருக்கிறது. டெக்கிள் ஓரம் என்பது இதுதான். பார்க்கிறவர்கள் நிறையப் பேர் கிழிந்த ஓரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். ஜன்னலோரம் கிடந்த பழைய செய்தித்தாளைப் பார்த்தால் தெரியும். பருத்தி பெரும்பாலும் செல்லுலோஸ்தான். அதில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. முதல் வருடம் நான் இந்தத் தாளில் ஸ்கிரீன் பிரிண்ட் (சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிப்பது) செய்த எங்கள் ஸ்டுடியோ கார்டு ஒன்று, தென்புறச் சுவரில் குண்டூசியில் தொங்குகிறது. மை கொஞ்சம் வெளுத்திருக்கிறது, தாள் அப்படியே இருக்கிறது.

இனி அச்சு. இங்கேதான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். நானும் சுட்டுக்கொண்டேன்.

ஒரு டாக்டரம்மாவின் கிளினிக் திறப்பு விழாவுக்கு இருநூறு அழைப்பிதழ். பூவிதழ் பதித்த தாள் வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் அதை வாங்கிப்போய், லேசர் டிஜிட்டல் பிரிண்ட் போடும் ஒரு பிரஸ்ஸில் கொடுத்தேன். "எந்தப் பேப்பரா இருந்தாலும் ஓடும் மேடம்" என்றார்கள். நானும் ஒரு தாள்கூட ஓட்டிப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய் வாங்கிப் பிரித்தால், இதழ் பதிந்த மேடுகளில் டோனர் எனும் மைத்தூள் ஒட்டவே இல்லை. தாளை மடித்த இடத்தில் எழுத்து பொடிப்பொடியாக உதிர்கிறது. பாதித் தாள் அப்பளம் மாதிரிச் சுருண்டிருந்தது. லேசர் மெஷினில் டோனரைச் சூட்டால்தான் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். கடலோர ஊரில் ஈரம் குடித்திருக்கும் பருத்தித் தாள் அந்தச் சூட்டில் போனால் சட்டென்று ஈரத்தை இழந்து சுருளும். மேடுபள்ளத்தில் சூடும் அழுத்தமும் ஒரே மாதிரிப் படாது. தப்பு பேப்பருடையது இல்லை. இருநூறு தாளுக்கும் நான்தான் பணம் கட்டினேன். விழாவுக்கு நாலு நாள்தான் பாக்கி.

அப்போது காப்பாற்றியது திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்துத் தெருவில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் ஓர் அண்ணன். அவர் தாளை வாங்கியதும் உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்தார். "இதுக்கு இவ்ளோ நைஸ் மெஷ் ஆகாதும்மா. கண்ணு கொஞ்சம் பெருசா இருக்கணும். அப்பத்தான் பள்ளத்துல மை இறங்கும்" என்றார். மெஷ் என்பது சட்டத்தில் கட்டும் அந்த வலைத்துணி. எழுத்தையும் கொஞ்சம் தடிமனாக்கிக் கேட்டார். இரவே நான் ஃபைலை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் மையை இழுக்கும் ரப்பர் பட்டையை, அதாவது ஸ்குவீஜியை, ஒரே இழுப்பாக இழுத்து, சட்டத்தைத் தூக்கியபோது, அடர் பச்சை மை தாளின் மேல் லேசாகப் புடைத்து நின்றது. விரலால் தடவினால் எழுத்து தட்டுப்பட்டது. அன்றிலிருந்து ஹேண்ட்மேட் பேப்பர் வேலை என்றால் எனக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான். அடர் நிறத் தாளில் வெள்ளை மை போட வேண்டும் என்றாலும் இதுதான் வழி. சாதாரண டிஜிட்டல் மெஷினில் வெள்ளை மை கிடையாது.

உலோக அச்சில் மை தடவித் தாளில் அழுத்தும் பழைய ட்ரெடில் மெஷின் இன்னும் ஓடுகிற அச்சகம் உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். மெத்தென்ற பருத்தித் தாளில் உலோக அச்சு அழுந்தும்போது எழுத்து உள்ளே இறங்கி நிற்கும். ஆர்ட் பேப்பரில் அந்தப் பள்ளம் விழாது. கடலூரில் ரசீதுப் புத்தகத்துக்கு நம்பர் போடவும், அட்டையில் மடிப்புக் கோடு அழுத்தும் க்ரீசிங் போடவும் மட்டும் இப்போது ட்ரெடில் வைத்திருக்கிறார்கள். நான் ஒரு பிளாக் செய்துகொண்டு போய்க் கெஞ்சித்தான் கார்டு அடித்து வாங்கினேன். மெஷின்காரர் முதல் தாளைப் பார்த்துவிட்டு அவரே பத்துத் தாள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

தமிழ் எழுத்தை இந்தத் தாளில் எப்படிப் போடுவது என்பதில் நான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். யாரும் சொல்லித் தராததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ஞ, ஷ இவற்றின் உட்பக்கம் சின்னச் சின்ன அறைகள். சொரசொரப்பான தாளில் மை பரவும்போது முதலில் அடைபடுவது அந்த அறைகள்தான். அடுத்தது புள்ளி. ஏழு பாயிண்டில் "க்" போட்டால் புள்ளி ஒன்று காணாமல் போகும், இல்லையென்றால் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி போனால் "பக்கம்" என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் இந்தத் தாளில் பத்துப் பாயிண்டுக்குக் கீழே நான் போவதில்லை. மிக மெல்லிய எழுத்தும் வேண்டாம், மேட்டில் பட்டுப் பள்ளத்தில் விட்டுப்போய் உடைந்து தெரியும். ரொம்பத் தடித்ததும் வேண்டாம், சுழி மூடிவிடும். நடுத்தரத் தடிமன்தான் சரி. வரிக்கு வரி இடைவெளியையும் தாராளமாக விடவேண்டும். மேல் வரியின் "கூ" கீழே இறங்கும்போது, கீழ் வரியின் "கீ" மேலே ஏறும். இரண்டும் மோதினால் கண் தடுக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்களில் ஹிந்த் மதுரை இந்தத் தாளில் நன்றாக வருகிறது. உட்பக்கம் திறந்திருக்கும். முக்த மலரும் அப்படியே. தலைப்புக்குக் குண்டாக வேண்டுமென்றால் பலூ தம்பி. காட்டமரானின் மெல்லிய தடிமன்கள் திரையில் அழகு, ஆனால் இங்கே வேண்டாம். கையெழுத்துச் சாயலுக்குக் கவிவாணர் பெரிய அளவில் நிற்கும். இவையெல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. கிளையண்ட் வேலைக்கும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். திருட்டு ஃபாண்டில் வேலை செய்து கொடுத்துவிட்டுப் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறேன். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண்ணும் அவர் அப்பாவும் வந்தார்கள். பெண்ணுக்கு இந்தத் தாள் பிடித்துவிட்டது. அப்பா ஓரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, சுபகாரியத்துக்குக் கிழிஞ்ச ஓரத்தோடயா பத்திரிகை கொடுக்கறது? மெஷின்ல வெச்சு வெட்டிடுங்க" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பின்னமான ஒன்றை மங்கள காரியத்துக்குக் கொடுக்கக்கூடாது என்பது அவர் வளர்ந்த முறை. நான் வாதம் செய்யவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து மஞ்சள் தூள் வாங்கிவரச் சொல்லி, குழைத்து, ஓர் ஆர்ட் பேப்பர் பத்திரிகையின் மூலையிலும் இந்தத் தாளின் மூலையிலும் தடவிக் காட்டினேன். பத்திரிகைக்கு நாலு மூலையிலும் எப்படியும் மஞ்சள் வைக்கத்தானே போகிறார்கள். பளபளப்புத் தாளில் மஞ்சள் வழுக்கிக்கொண்டு நின்று, காய்ந்ததும் பொடியாக உதிர்ந்து மேஜையெல்லாம் ஆனது. பருத்தித் தாளில் அது உள்ளே இறங்கி, விளிம்புப் பிசிறு வரைக்கும் ஊறி, துணியில் வைத்த மஞ்சள் மாதிரியே பிடித்துக்கொண்டது. கோடிப் புடவை முந்தானையில் மஞ்சள் வைப்பது போல. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "இதுவும் துணி தானே" என்று அவரே சொல்லிவிட்டு, ஓரத்தை வெட்ட வேண்டாம் என்றார்.

கணக்கு விஷயத்தையும் பேசிவிடலாம். ஒரு தாளின் விலையை எழுதிப் பயனில்லை, ரகத்துக்கு ரகம் மாறும், வருடத்துக்கு வருடம் ஏறும். ஆனால் ஒரு தாளில் எத்தனை எடுக்கலாம் என்பது நம் கையில் இருக்கிறது. ஹேண்ட்மேட் தாளில் வழக்கமான அளவு 22 × 30 அங்குலம். இதில் ஏ4 அளவுக்கு எல்லாத் துண்டையும் ஒரே திசையில் திட்டமிட்டால் நாலுதான் வரும், மீதி பெரிய வீண். அதையே ஏழேகாலுக்குப் பத்து அங்குலம் என்று கொஞ்சம் சுருக்கினால் ஒன்பது துண்டு வரும். நடுவில் மடித்தால் நல்ல அழைப்பிதழ். ஒரே தாள், இரண்டு மடங்குக்கு மேல் எண்ணிக்கை. முதல் வருடம் இது தெரியாமல் ஏ4-க்கே வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கு இரண்டு அங்குல விசிட்டிங் கார்டு என்றால் ஓரம் போக 84 எடுக்கலாம். டெக்கிள் ஓரம் எல்லாத் துண்டிலும் வராது என்பதை கிளையண்டிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாலு பக்கமும் பிசிறு வேண்டுமென்று அடம்பிடித்தால், தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் கோடு இழுத்து, ஊறியதும் இரும்பு ஸ்கேலை வைத்து மெதுவாக இழுத்துக் கிழிக்கலாம். அசல் ஓரம் போல இருக்காது, ஆனால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஐம்பதுக்கு மேல் என்றால் நான் அந்த வேலையை ஒப்புக்கொள்வதில்லை, விரல் தாங்காது.

யாருக்கு இது வேண்டாம்? ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடிப்பவருக்கு வேண்டாம். ஃபோட்டோ நிறைந்த பிராஸ்பெக்டஸுக்கு வேண்டாம், நிறங்கள் மங்கித் தெரியும். கையால் செய்கிற எந்தத் தாளிலும் ஒரு தடவை எடுத்த நிறமும் அடுத்த தடவை எடுத்த நிறமும் நூலளவு வேறுபடும். கம்பெனிக்கு ஒரே நிறம்தான் வேண்டும் என்று அளந்து பார்க்கும் கிளையண்டுக்கு அது ஒத்துவராது. வேலைக்குத் தேவையானதை ஒரே தடவையில், பத்துத் தாள் அதிகமாகவே வாங்கிவிடுவது நல்லது.

எண்ணெய்க்கும் ஆகாது. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் ஒரு பெரியவருக்கு லேபிள் செய்தேன். துணிப்பைக்குள் முந்திரி, அதோடு உள்ளேயே இந்தத் தாளில் ஒரு சின்ன அட்டை. மூன்று வாரத்தில் ஃபோன் வந்தது. "என்னம்மா இது, அட்டை எண்ணெய் குடிச்சிருக்கு." போய்ப் பார்த்தால், அட்டை முழுக்க வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை. உணவுப் பொருளோடு தாளை நேராகப் படவைத்தது என் தவறு. பைக்கு வெளியே சணல் கயிற்றில் அட்டையைத் தொங்கவிட்டு மறுபடி செய்து கொடுத்தேன். அந்த அட்டை இன்றும் ஓடுகிறது.

இன்னொன்றை நான் சோதித்துப் பார்க்க நினைத்ததே இல்லை, புயல் சோதித்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவு, ஸ்டுடியோவில் மேற்கு ஜன்னலின் கொக்கி விட்டுப்போயிருந்தது. நான்கு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. ஜன்னலடியில் இரண்டு கட்டு ஆர்ட் போர்டும், ஒரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த இருபது ஹேண்ட்மேட் தாளும் முழுக்க நனைந்திருந்தன. ஆர்ட் போர்டின் மேல் பூச்சு இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி ஆகிவிட்டது. கத்தியால் நெம்பினால் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. இருநூறு தாளும் குப்பைக்குப் போனது. பருத்தித் தாள்களை நானும் தம்பியும் நனைந்த புடவையைப் பிரிப்பது போல ஒவ்வொன்றாக, மூலையிலிருந்து பிரித்தோம். எல்லாமே முழுசாக வந்தன. செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, காலையும் மாலையும் செய்தித்தாளை மாற்றி, மேலே தடித்த புத்தகங்களை ஏற்றி வைத்தோம். ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டன. லேசான நெளிவு மட்டும் இருந்தது. தண்ணீரில் பிறந்த தாள் தண்ணீரைத் தாங்குவதில் ஆச்சரியம் இல்லைதான், ஆனாலும் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் கண் கலங்கியது.

அந்த இருபது தாளைக் கிளையண்ட் வேலைக்கு எடுக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வைத்துக்கொண்டோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடியில் ஆறேழு பேர் கூடுவோம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், அந்த ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணன், கல்யாண ஃபோட்டோ எடுக்கும் ஒருவர். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். ஃபோனில் இருக்கும் படம் செல்லாது, கையில் தொட்டுப் பார்க்கிற பொருளாக இருக்க வேண்டும். தீப்பெட்டி லேபிள் வரும், பழைய பஸ் டிக்கெட் வரும், மருந்து டப்பா வரும். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடுத்த பழைய காலண்டர் அட்டை வரும். அதைச் சுற்றிப் பேச்சு போகும். தனியாக வேலை செய்கிறவர்களுக்கு இப்படி நாலு பேர் இல்லையென்றால், திரையில் பார்த்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்போம். எனக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

ஒரு பெண் தன் பாட்டியின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் அச்சானது. அதில் "ணை", "லை", "னை" எல்லாம் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு இருந்தன. பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த எழுத்தை முதல்முறையாகப் பார்த்தார்கள். புயலில் நனைந்து காய்ந்த தாளில் ஆளுக்கு ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். மூங்கில் பேனாவால் அந்தக் கொம்பை எழுதிப் பார்த்தோம். நெளிந்த தாளில் பேனா திக்கித் திக்கிப் போக, வளைவின் ஓரம் பிசிறடித்து, கோடு நடுவில் விட்டுவிட்டு வந்தது. அந்த விட்டுப்போன கோட்டிலிருந்துதான் முத்தியால்பேட்டையில் நெசவுத் துணி விற்கும் ஒரு கடைக்கு நாங்கள் பின்னால் லோகோ செய்தோம். அந்தப் பெண்ணின் பெயரையும் வேலையில் சேர்த்தோம், பணத்திலும் பங்கு கொடுத்தோம்.

மார்பிள் பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டியான நீர்மத்தின் மேல் நிறங்களைத் தெளித்து மிதக்கவிட்டு, சீப்பால் கோடிழுத்து, தாளை மேலே படுக்கவைத்து எடுப்பது. ஒன்று போல் இன்னொன்று வராது. பார்த்ததும் பத்துத் தாள் அள்ளிக்கொள்ளத் தோன்றும். நானும் அள்ளினேன். ஆனால் அதன்மேல் எழுத்தைப் போடாதீர்கள், இரண்டும் அடித்துக்கொள்ளும். கவரின் உள்பக்கம், புத்தகத்தின் முதுகில் ஒரு பட்டை, அட்டையைத் திறந்ததும் வரும் முதல் தாள், இப்படித் திறக்கிறவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில் வைத்தால் அதன் அழகு பத்து மடங்காகும்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயம். காலை நேரத்தில் போங்கள், இயற்கை வெளிச்சத்தில் வெள்ளையின் ரகங்கள் நன்றாகப் பிரிந்து தெரியும். காகிதம் செய்யும் இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய அளவில் வாங்கும் முன் ரகத்துக்கு ஒரு தாள் மட்டும் வாங்கிவந்து, நீங்கள் அச்சடிக்கப் போகும் இடத்தில் அடித்துப் பாருங்கள். பேரம் பேசப் போகாதீர்கள், அந்தத் தாளுக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கினால் ஸ்டுடியோவுக்கு வந்ததும் இரண்டு நாள் விசிறிக்கடியில் தட்டையாக வைத்துவிட்டு அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள். வாங்கியதைச் சுருட்டிக் கொண்டுவராதீர்கள். நான் 23 × 31 அங்குலத்தில் இரண்டு ஹார்ட்போர்டு வெட்டி, அம்மா தைத்துக் கொடுத்த பெரிய துணிப்பைக்குள் வைத்து எடுத்துப்போகிறேன். தாள்களை நடுவில் வைத்து, மேலே பாலித்தீன் போட்டுக்கொள்வேன். கடலூர் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் மட்டும் வைக்காதீர்கள், அங்கே சூடு அதிகம். பின் சீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்திவிட்டால் மஞ்சக்குப்பம் வரைக்கும் பத்திரமாக வந்துவிடும்.